அரசு ஊழியர்களுக்கு ‘எல்லாரையும் சமமா நடத்துங்க’ பயிற்சி... வொர்க் அவுட் ஆகுமா, வெறும் டீ, பிஸ்கட்டோட முடிஞ்சிடுமா?

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. ஒரு காதுல தமிழ் விழும், இன்னொரு காதுல தெலுங்கு விழும். மில்லுல ஷிஃப்ட் முடிச்சு வர்ற பெண்கள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யறவங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குக் கிளம்புறவங்க, பால்கோவா பார்சலோட ஊர் திரும்புறவங்கன்னு அத்தனை விதமான மனுஷங்க. சாதி, மதம், மொழி, வசதி எல்லாமே வேற வேற.

இவங்க எல்லாரும் என்னைக்காவது ஒருநாள் சந்திச்சே ஆகவேண்டிய ஓர் இடம் இருக்கு. அரசு அலுவலகத்தின் கவுன்ட்டர்.

ஒரு சின்ன கற்பனை. ஒரே நாள் காலையில, மூணு பேர் மூணு அரசு அலுவலகத்துக்குப் போறாங்க. ரேஷன் கார்டுல பெயர் மாற்ற வந்த ஒரு திருநங்கை. பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுக்கிறவன் மேல புகார் கொடுக்க, ஸ்டேஷன் வாசல் வரை வந்துட்டு உள்ளே போகத் தயங்குற ஒரு காலேஜ் பொண்ணு. மாடியில இருக்கிற ஆபீஸுக்கு எப்படிப் போறதுன்னு கீழேயே வீல்சேர்ல காத்திருக்கிற ஒரு அண்ணன். மூணு பேருக்கும் சட்டம் ஒண்ணுதான். ஆனா ‘உட்காருங்க’ன்னு சொல்வாங்களா, ‘அப்புறம் வா’ன்னு சொல்வாங்களாங்கிறது எதிர்ல உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு ஊழியர் கையில இருக்கு.

சரி, அந்த ஊழியருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தா அவர் மாறிடுவாரா? கார்ப்பரேட் கம்பெனிகள்ல இதுக்கு ‘டைவர்சிட்டி டிரெயினிங்’னு பேர். அரசு மொழியில ‘விழிப்புணர்வுப் பயிற்சி’, ‘உணர்வூட்டும் பயிற்சி’ன்னு வரும். அமெரிக்காவுல இது பெரிய அரசியல் சண்டையாவே ஆகிடுச்சு. 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்னைக்கே டிரம்ப் கையெழுத்துப் போட்ட ஆணைகள்ல ஒண்ணு, மத்திய அரசு அலுவலகங்கள்ல இந்த மாதிரி திட்டங்களையெல்லாம் இழுத்து மூடச் சொன்ன ஆணைதான். நம்ம ஊருக்கு இது தேவையா, தேவையில்லையா? கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

முதல்ல, ஒரு நீதிபதி மாணவரான கதை

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், தங்கள் உறவுக்கு வீட்டுல எதிர்ப்பு வந்ததால சென்னைக்கு வந்துட்டாங்க. பெற்றோர் ‘காணவில்லை’ன்னு புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை இவங்களைத் துரத்துச்சு. பாதுகாப்பு கேட்டு இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது.

அவர் செய்ததுதான் இங்கே விஷயம். ‘இந்த விஷயத்துல எனக்கே சரியான புரிதல் இல்ல’ன்னு வெளிப்படையா ஒப்புக்கிட்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதுக்குப் பிறகுதான், 2021 ஜூன் 7-ம் தேதி அந்த உத்தரவு வந்தது. போலீஸ், சிறைத்துறை, நீதித்துறை, மருத்துவர்கள், கல்வி நிறுவனங்கள்னு பல தரப்புக்கும் பாலினச் சிறுபான்மையினர் பற்றிய விழிப்புணர்வுப் பயிற்சி தரணும்னு அந்த உத்தரவு சொன்னது.

‘ஆஹா, பயிற்சின்னா இப்படி இருக்கணும்’னு தோணுதுல்ல? ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. அந்த நீதிபதியை யாரும் கட்டாயப்படுத்தி கிளாஸுக்கு அனுப்பல. அவரே தேடிப் போனார். அவர் கையில தீர்ப்பு சொல்லவேண்டிய ஒரு நிஜ வழக்கு இருந்தது. கத்துக்கிட்டதை மறுநாளே பயன்படுத்தவேண்டிய தேவை இருந்தது. சர்க்குலர் வந்ததால ஹாலுக்கு வந்து, அட்டெண்டன்ஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, கடைசி வரிசையில வாட்ஸ்அப் பார்க்கிறவருக்கு இந்த ரெண்டுமே இல்ல.

அந்த வழக்கு பயிற்சியோட நிற்கவும் இல்ல. 2022 பிப்ரவரியில தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளையே திருத்தி, பாலினச் சிறுபான்மையினரையும் அவங்களுக்காக வேலை செய்றவங்களையும் எந்த விதத்துலயும் துன்புறுத்தக் கூடாதுன்னு ‘24-சி’ங்கிற புது விதியைச் சேர்த்தது. அதாவது, கிளாஸ்ல கேட்டதை மறந்தாலும் பரவாயில்ல, மீறினா துறை நடவடிக்கை வரும். இந்த ஜோடியை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

‘பயிற்சி எல்லாம் வேஸ்ட்’னு சொல்றவங்க வாதம் என்ன?

அவங்க பக்கமும் வலுவாவே இருக்கு.

நியூயார்க் போலீஸ் 2018-ல் தொடங்கி சுமார் 36,000 போலீஸாருக்கு ‘நமக்கே தெரியாம நம்ம மனசுக்குள்ள இருக்கிற பாரபட்சம்’ பற்றி ஒரு நாள் பயிற்சி கொடுத்தது. பிறகு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தாங்க. ‘இப்படி ஒரு பிரச்னை இருக்கு’ங்கிற அறிவு போலீஸாருக்குக் கூடியிருந்தது. ஆனா தெருவுல யாரை நிறுத்தி சோதனை போடறாங்க, யாரைக் கைது பண்றாங்கங்கிறதுல, பயிற்சியால மாறினதுன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் தெரியல.

இன்னொண்ணு. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ்ங்கிற ரெண்டு சமூகவியலாளர்கள் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது வருஷ தகவல்களை அலசினாங்க. மேலாளர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கின நிறுவனங்கள்ல, ஐந்து வருஷம் கழிச்சு மேலாளர் பதவியில இருந்த கறுப்பினப் பெண்களோட பங்கு சராசரியா 9 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. யாருக்காக பயிற்சி வச்சாங்களோ, அவங்க பங்கே குறைஞ்சிருக்கு! ‘நீ தப்பானவன், வந்து உட்கார்ந்து திருந்து’ன்னு சொன்னா மனுஷன் முறுக்கிக்கத்தானே செய்வான்? நம்ம வீட்டுலயே இது நடக்கும்தானே...

நம்ம ஊர் நிலைமை இதைவிட சுவாரஸ்யம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம், ஊழியர்களுக்கு முறையான இடைவெளியில் விழிப்புணர்வு வகுப்பு நடத்தணும்னு 19-வது பிரிவுல தெளிவாவே சொல்லுது. அரசு அலுவலகத்துக்கும் இது பொருந்தும். ஆனா, 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லவேண்டி வந்தது தெரியுமா? சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியும் அமலாக்கத்துல பெரிய ஓட்டைகள் இருக்கு, எல்லா அரசுத் துறைகள்லயும் புகார்க் குழு இருக்கான்னு முதல்ல சரிபாருங்கன்னு உத்தரவு போட்டது.

பயிற்சி மட்டும் போதாதுங்கிறதுக்கு நம்ம மாநிலத்துலயே ஒரு சாட்சி இருக்கு. 2021 பிப்ரவரியில ஒரு பெண் ஐ.பி.எஸ் அதிகாரி, சிறப்பு டி.ஜி.பி அந்தஸ்துல இருந்த தன் மேலதிகாரி மேலயே பாலியல் புகார் கொடுத்தார். புகார் கொடுக்க சென்னைக்குப் போனவரை வழியில காரை மறிச்சுத் தடுத்ததா இன்னோர் அதிகாரி மேலயும் வழக்கு. 2023 ஜூன்ல விழுப்புரம் நீதிமன்றம் அந்த மேலதிகாரிக்கு மூணு வருஷ சிறைத் தண்டனை விதிச்சது. அவ்வளவு உயரத்துல இருந்தவங்களுக்கு சட்டம் தெரியாதுன்னு யாராவது சொல்ல முடியுமா? தெரிஞ்சும் நடக்கிற தப்புக்கு வகுப்பு மருந்தில்ல, விசாரணைதான் மருந்து.

அப்போ மூட்டை கட்டிடலாமா? கொஞ்சம் பொறுங்க!

இப்போ மத்தியப் பிரதேசத்துக்குப் போவோம். ‘டைவர்சிட்டி பயிற்சி’ங்கிற பேர் இல்லைன்னாலும், இந்தியாவுல அரசு ஊழியர்களை வச்சே நடந்த முக்கியமான பரிசோதனை இது. 180 காவல் நிலையங்கள், அவற்றின் எல்லைக்குள்ள 2 கோடிக்கும் மேல மக்கள். சில நிலையங்கள்ல பெண்களுக்குன்னு உதவி மையம் திறந்து, புகார் சொல்ல ஒரு தனி இடம் ஒதுக்கி, போலீஸாருக்குப் பயிற்சியும் கொடுத்தாங்க. இன்னும் சில நிலையங்கள்ல இத்தனையும் செஞ்சு, கூடவே அந்த மையத்தை ஒரு பெண் போலீஸ் அதிகாரி பொறுப்புல விட்டாங்க. மிச்ச நிலையங்கள் பழையபடியே இருந்தன.

2022-ல் ‘சயின்ஸ்’ இதழ்ல முடிவு வெளியாச்சு. உதவி மையம் வந்த இடங்கள்ல பெண்கள் கொடுத்த புகார்கள் கூடுதலா பதிவாச்சு. அதுலயும் எஃப்.ஐ.ஆர் போடுற அளவுக்குப் போனது முக்கியமா பெண் அதிகாரிகள் பொறுப்புல இருந்த நிலையங்கள்ல.

இதுல நமக்கு ஒரு சூத்திரமே இருக்கு. பயிற்சி இருந்தது. கூடவே ஓர் அறை, மேஜை, நாற்காலி இருந்தது. பொறுப்புக்கு ஓர் ஆள் இருந்தார். புகார் வந்தா என்ன செய்யணும்ங்கிற வழிமுறையும் இருந்தது. போலீஸாரோட மனசு முழுசா மாறுச்சான்னு தெரியாது. ஆனா வந்த பொண்ணோட புகார் பேப்பர்ல ஏறுச்சு. நம்ம கற்பனையில ஸ்டேஷன் வாசல்ல நின்ன அந்தக் காலேஜ் பொண்ணுக்கு வேண்டியது அதுதானே?

மனசை மாத்துறது கஷ்டம்... விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கிறது ஈஸி

பயிற்சிங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற பொருள் இருக்கு. ஒண்ணு, ‘உன் மனப்பான்மையை மாத்திக்கோ’ங்கிற உபதேசம். இன்னொண்ணு, ‘இப்படி ஒருத்தர் வந்தா இதைச் செய்’ங்கிற வேலை அறிவு. முதலாவதுக்குத்தான் பலன் கம்மி. ரெண்டாவது இல்லாம அலுவலகமே நடக்காது.

உதாரணம் பாருங்க. பழைய சட்டத்துல மாற்றுத்திறன் வகைகள் 7. 2016 சட்டம் அதை 21 ஆக்குச்சு. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்கின்சன், ஆசிட் வீச்சால பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் உள்ளே வந்தாங்க. இது தெரியாத ஓர் ஊழியர், ‘கை, கால் நல்லாத்தானே இருக்கு, உனக்கு எதுக்குச் சான்று?’ன்னு திருப்பி அனுப்பிட வாய்ப்பிருக்கு. அவர் கெட்டவரா இருக்கணும்னு அவசியமே இல்ல. அவர் கத்துக்கிட்ட காலத்துல பட்டியல் சின்னதா இருந்தது, அவ்வளவுதான். இதை ஒரு மணி நேர வகுப்புல சரிபண்ணிடலாம். அதனாலதான் அதே 2016 சட்டத்தின் 47-வது பிரிவு, நிர்வாக அதிகாரிகள், போலீஸார், நீதிபதிகள்னு எல்லார் பயிற்சியிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமையைச் சேர்க்கச் சொல்லுது.

இன்னோர் உதாரணம், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டம். குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யணும். ‘இது எங்க லிமிட் இல்லம்மா’ன்னு ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அலையவிட முடியாது. இதைக் காவலருக்குச் சொல்லிக் கொடுக்கிறதும், நாலு தடவை செய்ய வச்சுப் பழக்குறதும் பயிற்சிதான். இதுக்குச் செலவழிக்கிற காசு வீணில்ல.

தமிழக அரசுப் பணியில சேர்ற இளநிலை உதவியாளர்களுக்கு பவானிசாகர் பயிற்சின்னா நல்லா தெரியும். அலுவலக நடைமுறை, கோப்பு, குறிப்பு எழுதறதுன்னு அடிப்படை எல்லாம் அங்கேதான் ஆரம்பம். மத்திய அரசும் 2020-ல ‘மிஷன் கர்மயோகி’ன்னு ஒரு திட்டம் கொண்டுவந்து, ஊழியர்கள் ஆன்லைன்லயே படிக்க வழி செஞ்சிருக்கு. ஆக, பாதை ஏற்கெனவே இருக்கு. அதுல எதை ஓட்டுறோம்ங்கிறதுதான் கேள்வி.

நாற்காலி சொல்ற பாடம்

நம்ம ஊர்ல இந்தப் பேச்சை சாதியைத் தொடாம முடிக்க முடியாது.

2020 அக்டோபர்ல வெளியான ஒரு போட்டோ நினைவிருக்கா? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி. மத்தவங்க எல்லாம் நாற்காலியில உட்கார்ந்திருக்க, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் மட்டும் தரையில உட்கார்ந்திருந்தார். படம் வெளியே வந்த பிறகு, துணைத் தலைவர் மேலயும் ஊராட்சிச் செயலர் மேலயும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய்ஞ்சது. செயலர் ஓர் அரசுப் பணியாளர்ங்கிறதைக் கவனிங்க. அந்த ரூம்ல இன்னொரு நாற்காலி போடணும்னு தெரிய எந்த வகுப்பும் தேவையில்ல. போடாம இருந்தா என்ன ஆகும்ங்கிற பயம்தான் அதுவரைக்கும் இல்லாம இருந்தது.

நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கும் இதுல ஒரு பழைய கணக்கு உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோட சேர்த்து, விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்காச்சியேந்தலும் பட்டியல் சமூகத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. 1996-ல் தொடங்கி பத்து வருஷம் அங்கே ஒரு தேர்தலை ஒழுங்கா நடத்த முடியல. 2006-ல்தான் நடந்தது. மதுரைப் பக்கம் அப்போதைய கலெக்டர் உதயச்சந்திரன் ஊருக்குள்ள போய், மக்களோட உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அதைச் சாதிச்சார்.

இதெல்லாம் முடிஞ்ச கதைன்னு நினைக்காதீங்க. 2022 ஆகஸ்ட்லகூட, பட்டியல் சமூக ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்துல கொடியேற்றுறதை உறுதி செய்யச் சொல்லி, அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதவேண்டி இருந்தது.

பக்கத்துல உட்கார்ந்து வேலை செஞ்சா மனசு மாறுமா? மாறும்னு சொல்ற ஆய்வுகள் இருக்கு. மேற்கு வங்கத்துல இட ஒதுக்கீட்டால பெண் தலைவர்களைப் பார்த்த கிராமங்கள்ல, பெண்கள் நிர்வாகம் பண்ற திறமையை ஆண்கள் மதிப்பிடுற விதம் பிறகு நல்லாவே மாறிச்சு. ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் ஜெயிக்கிறது கூடுச்சு. உத்தரப்பிரதேசத்துல ஓர் ஆய்வாளர் கிரிக்கெட் லீக் நடத்தியே பார்த்தார். வேற வேற சாதிப் பசங்க ஒரே டீம்ல ஆடினப்போ நட்பு வளர்ந்தது. எதிரெதிர் டீம்ல ஆடினப்போ அந்த அளவுக்கு வரல. சும்மா சந்திச்சா போதாது பாஸ், ஒரே பக்கம் நின்னு ஒரே மேட்ச்சை ஜெயிக்கணும்!

நாங்குநேரியில 2023 ஆகஸ்ட்ல ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கை இதைப் புரிஞ்சுக்கிட்டே பேசுது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வருஷாவருஷம் கட்டாய வகுப்புன்னு சொல்லிட்டு நிறுத்திக்கல. அந்தப் பகுதியில பெரும்பான்மையா இருக்கிற சாதியைச் சேர்ந்தவங்களையே அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடாதீங்க, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாத்துங்கன்னும் சொன்னது. வகுப்பு ஒரு கை, பணியிட முடிவு இன்னொரு கை. ரெண்டும் தட்டினாத்தான் ஓசை.

அப்போ, ஃபைனல் பதில்?

‘எல்லாரும் சமம்’னு ஒரு நாள் உபதேசம் மட்டும்னா, அந்தக் காசுல அலுவலகத்துக்கு ஒரு சாய்வுதளம் கட்டலாம். வீல்சேர் அண்ணனாவது உள்ளே போவார்.

ஆனா பயிற்சி வேலையோட சேர்ந்து வந்தா, அது வொர்த். அதுக்கு நாலு விஷயம் பாருங்க. உபதேசத்துக்குப் பதிலா நடைமுறையைச் சொல்லித் தரணும். மீறினா என்ன ஆகும்னு 24-சி மாதிரி ஒரு விதி பின்னால நிற்கணும். மேஜைக்கு அந்தப் பக்கமும் பலவிதமான மனுஷங்க உட்காரணும். ‘எத்தனை பேர் வகுப்புக்கு வந்தாங்க’ன்னு எண்ணுறதை விட்டுட்டு, ‘எத்தனை புகார் பதிவாச்சு, எத்தனை பேர் திரும்பிப் போனாங்க’ன்னு எண்ணணும்.

மூணாவது விஷயத்துல தமிழ்நாடு சும்மா இல்ல. உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பிச்ச பிரித்திகா யாஷினியை, திருநங்கைங்கிறதால முதல்ல நிராகரிச்சாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2015 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமா தீர்ப்பு சொல்ல, 2017-ல் பணியில சேர்ந்தார். அவர் உட்கார்ந்திருக்கிற ஸ்டேஷனுக்கு வர்ற பொதுமக்களுக்கும், கூட வேலை பார்க்கிற காவலர்களுக்கும் தினமும் ஒரு வகுப்பு நடக்குது. பவர்பாயின்ட் தேவையே இல்ல.

இதுல உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு மக்களே. அடுத்த தடவை அரசு அலுவலகத்துக்குப் போனா, பணியிடப் பாலியல் புகார்க் குழு உறுப்பினர்கள் பேர் போட்ட போர்டு கண்ணுக்குத் தெரியுதான்னு பாருங்க. அதைக் காட்சிக்கு வைக்கணும்னு சட்டமே சொல்லுது. இல்லைன்னா, பத்து ரூபாய் கட்டணத்தோட ஒரு ஆர்.டி.ஐ மனு போடுங்க. ‘உங்க அலுவலகத்துல கடந்த மூணு வருஷத்துல என்னென்ன விழிப்புணர்வுப் பயிற்சி நடந்தது, எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க, குழுவுக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிஞ்சது?’ன்னு நாலே கேள்வி போதும். முப்பது நாள்ல பதில் தந்தாகணும். கவுன்ட்டர்ல யாராவது மரியாதையில்லாம நடத்தினா, முதல்வர் உதவி மையத்தின் 1100-க்கு போன் போடுங்க. பெண்களுக்கு உதவி வேணும்னா 181 இருக்கு.

யாரோ கேட்கிறாங்கன்னு தெரிஞ்சா பயிற்சி தானா சீரியஸ் ஆகும். அப்போ அந்த ஸ்டேஷன் வாசல்ல தயங்கி நிற்கிற பொண்ணைப் பார்த்து, உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

“உள்ள வாங்கம்மா. முதல்ல உட்காருங்க. என்ன ஆச்சு, சொல்லுங்க.”

அந்த மூணு வாக்கியம் பழக்கமாகிற வரைக்கும், இந்தப் பயிற்சிக்குச் செலவு பண்றது தப்பில்லங்க!